நான்கு மெஷின்களும் ஒரு மேசையும்

உங்கள் வீட்டில் தையல் மெஷின்கள் எத்தனை இருக்கின்றன?

"ஒன்றுதான்" என்று சொல்ல வருகிறீர்கள். சற்றுப் பொறுங்கள் சகோதரி. கட்டிலுக்குக் கீழே பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்திருக்கிறீர்களே, உங்கள் உம்மாவின் கை மெஷின், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "மோட்டர் பழுது, ஒருநாள் திருத்த வேண்டும்" என்று அலுமாரியின் மேல் ஏற்றி வைத்ததும் கணக்கில் வரட்டும். மூலையில் இஸ்திரிக்கை மேசையாகவும் பாடசாலைப் பைகள் வைக்கும் தட்டாகவும் மாறிப்போன கால் மெஷினை விட்டுவிடாதீர்கள். இப்போது எத்தனை?

என் வீட்டில் நான்கு இருந்தன. நான் தையற்கடை நடத்துபவள் அல்ல. பிள்ளைகளின் சீருடை, பெருநாள் உடுப்பு, அயலவர் கேட்டால் ஓரிரு அபாயா, சாரிக்கு ஃபோல்ஸ் பிடித்தல், இவ்வளவுதான் என் தையல். இந்தத் தையலுக்கு நான்கு மெஷின்களும் ஏழு கத்தரிக்கோல்களும் எதற்கு என்று நான் ஒருநாளும் என்னிடமே கேட்டதில்லை. என் மூத்த மகள் கேட்டாள். அந்தக் கதையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

மகள் கேட்ட கேள்வி

சாதாரண தரப் பரீட்சைக்கு அவள் படிக்கத் தொடங்கிய காலம். ஓர் இரவு, மடித்து மூடிய கால் மெஷினின் பலகைமேல் கணிதப் புத்தகத்தை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். முழங்கால் நுழைய இடமில்லாமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தாள். கால் தவறி மிதியில் பட்டதும் சக்கரம் சுழன்று பலகை ஆடியது. எழுதிக்கொண்டிருந்த கோடு வளைந்துவிட்டது.

"உம்மா, இந்த வீட்டில துணிக்கு இடமிருக்கு, நூலுக்கு இடமிருக்கு. நான் எங்க இருந்து படிக்கிற?"

கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு அழிறப்பரை எடுத்து அந்தக் கோட்டை அழித்தாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது ஏசிவிட்டு மறந்திருப்பேன்.

அன்றிரவு எல்லோரும் உறங்கிய பின் அளவு நாடாவை எடுத்தேன். முப்பது வருடமாகப் பிறர் உடம்பை அளந்த நாடாவால் முதன்முறையாக என் வீட்டை அளந்தேன். எங்கள் ஹோல் 12 அடி நீளம், 10 அடி அகலம். மொத்தம் 120 சதுர அடி. கால் மெஷின் 3 அடிக்கு ஒன்றரை அடிதான். ஆனால் முன்னால் ஸ்டூல் போட்டு ஆள் இருப்பதற்கு இன்னும் 2 அடி வேண்டும். ஆக ஏறத்தாழப் பத்தரைச் சதுர அடி. ஓவர்லொக் மெஷின் அதன் மேசையோடும் இருக்கையோடும் 16 சதுர அடி. துணி வெட்டும் மேசை 6 அடிக்கு 3 அடி, 18 சதுர அடி. துணி அலுமாரி நாலரைச் சதுர அடி. கூட்டிப் பார்த்தேன்: 49!

ஹோலில் ஐந்தில் இரண்டு பங்கைத் தையல் சாமான்கள் பிடித்திருந்தன. மிச்சத்தில் நாங்கள் ஐந்து பேர் சாப்பிட்டோம், தொழுதோம், விருந்தாளிகளை வரவேற்றோம். மகளுக்கு இரண்டடி மேசை போட இடமில்லை என்று நான் சொல்லி வந்தது பொய்யென்று அளவு நாடா சொல்லிற்று.

எப்படிச் சேர்ந்தன?

சகோதரிகளே, இப்படிச் சேர்வது நம்முடைய பேராசையால் மட்டுமல்ல. ஒவ்வொரு மெஷினுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

ஐசக் மெரிட் சிங்கர் என்ற அமெரிக்கர் தமது தையல் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1851இல். சாதாரணக் குடும்பத்தால் ஒரே தடவையில் அதன் விலையைக் கொடுக்க முடியாது என்று கண்டு, அவருடைய நிறுவனம் 1850களிலேயே தவணை முறையை ஆரம்பித்தது. 1877இல் அந்த நிறுவனம் இலங்கைக்கும் வந்துவிட்டது. இயந்திரங்களின் மோகத்தைக் கடுமையாகச் சாடிய காந்தியடிகள்கூட, 1924இல் இதுபற்றிப் பேசும்போது சிங்கர் மெஷினுக்கு விதிவிலக்கு அளித்தார். மனிதரின் கையை முடக்காமல் அதற்கு உதவும் இயந்திரம் என்பதுதான் அதன் பெருமை.

எங்கள் உம்மாவின் கை மெஷினும் தவணையில் வந்ததுதான். கோழி முட்டை விற்ற காசைத் தகரப் பேணியில் சேர்த்து மாதாமாதம் கட்டினா. அந்த மெஷினில் தைத்துத்தான் எங்கள் நால்வரையும் பாடசாலைக்கு அனுப்பினா. அதை எப்படி வெளியே கொடுப்பது?

கால் மெஷின் என் கலியாணத்துக்கு வாப்பா வாங்கித் தந்தது. சிக்சாக் போடும் மின்சார மெஷினை என் நானா கட்டாரிலிருந்து கொண்டுவந்தார். ஓவர்லொக் மட்டும் நானாக வாங்கியது. ஊரில் ஒரு சிறிய தையல் நிலையம் மூடப்பட்டபோது மலிவாக வந்தது. "இனி ஓடர் எடுத்துத் தைக்கலாம்" என்று கனவு கண்டேன். ஓடர் வந்தது பெருநாளுக்குப் பெருநாள் மட்டும்.

துணியின் கதை வேறு. 1977க்குப் பின் நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. 1992இல் 200 தொழிற்சாலைத் திட்டம் வந்ததும் அவை கிராமங்களுக்கும் பரவின. அங்கிருந்து வரும் வெட்டுத் துணியும் மிச்சத் துணியும் கிலோக் கணக்கில் விற்பனைக்கு வந்தன. கொழும்புக்குப் போனால் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவுக்குள் நுழையாமல் திரும்ப யாருக்கு மனம் வரும்? "நல்ல துணி, விலையும் குறைவு, ஒருநாள் உதவும்" என்று இரண்டு யார், மூன்று யார் என வாங்கினோம். அந்த ஒருநாள் வரவேயில்லை. துணி மட்டும் வந்துகொண்டே இருந்தது.

நம் கிழக்குக் கரையில் இன்னொரு விதமாகவும் மெஷின்கள் சேர்ந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் உதவ வந்த பல நிறுவனங்கள் வாழ்வாதாரத்துக்கென்று தையல் மெஷின்களைக் கொடுத்தன. தைக்கத் தெரிந்தவருக்கு அது பெரும் உதவி. தைக்கத் தெரியாதவர் வீட்டில் அது பூச்சாடி வைக்கும் மேசையாயிற்று.

மெஷின் இல்லாதவள்

நான்கு மெஷின்கள் உள்ள என் வீட்டுக்கு நாலாவது வீடு. அங்கே ஒரு இளம் பெண், இரண்டு பிள்ளைகளோடு. கணவர் மௌத்தாகி மூன்று வருடம். அவளுடைய உம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வாழ்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, சில மணி நேர அவகாசத்தில் வீட்டை விட்டு நடந்தவர்களில் ஒருவர். புத்தளத்துக்கு வந்து ஓலைக் கொட்டிலில் குடியேறினார். கணவர் தையற்காரர். இரண்டு மெஷின்களையும் வெட்டிவைத்த உடுப்புகளையும் அப்படியே விட்டுவிட்டு வந்தார்களாம். "பிறத்தியாரின் துணி மகள். தைச்சுக் குடுக்காம வந்திட்டம்" என்று பின்னாளிலும் சொல்லிச் சொல்லிக் கவலைப்படுவார். நகை போனதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவருடைய மகளுக்குத் தையல் கைவந்த கலை. மெஷின்தான் இல்லை. வெட்டிய துணியைக் கையில் பிடித்துக்கொண்டு இரவு எட்டு மணிக்கு மேல் என் வாசலில் வந்து நிற்பாள்.

"தாத்தா, இண்டைக்கு ராவைக்கு மெஷின் சும்மாவா இருக்கும்?"

இருக்கும் என்பேன். பிள்ளைகளை உறங்கவைத்துவிட்டு வந்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் தைத்துவிட்டுப் போவாள். இதை ஒரு பெரிய உதவியாக நான் மனதுக்குள் எண்ணி மகிழ்ந்ததும் உண்டு. வீட்டை அளந்த அன்றிரவுதான் வேறொன்று தோன்றியது. நான்கு மெஷின்களில் மூன்று எப்போதும் சும்மா இருக்கும் வீட்டுக்கு வந்து, "சும்மா இருக்குமா" என்று கேட்கும் நிலையில் அவளை நான்தானே வைத்திருக்கிறேன்?

எதைக் கொடுப்பது?

முதலில் என் மனம் போன வழியை மறைக்காமல் சொல்கிறேன். இறுகிப்போன உம்மாவின் கை மெஷினைத் துடைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். உம்மாவின் ஞாபகம் என்று இவ்வளவு நாள் பேசியதெல்லாம், கொடுப்பதென்று வந்ததும் பறந்துவிட்டது. காரணம், அது ஓடாதது.

நமக்கு உதவாததைக் கொடுத்துவிட்டுக் கொடுத்ததாக எண்ணுவது எவ்வளவு எளிது பார்த்தீர்களா?

அவள் தைப்பது வருமானத்துக்காக. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி மறு கையால் துணியைப் பிடிக்கும் கை மெஷினில் நாளொன்றுக்கு இரண்டு, மூன்று சட்டைகள் முடிப்பது சிரமம். மின்சார மெஷின் வேகமானது. ஆனால் மின் கட்டணம் அவளுக்குப் பாரம். அவளுக்குப் பொருத்தமானது கால் மெஷின். இரண்டு கைகளும் துணியில் இருக்கும், மின்சாரம் வேண்டாம்.

அதைத்தான் எனக்குக் கொடுக்க மனமில்லை. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மின்சார மெஷின்காரர்கள் கைகட்டி இருந்தபோது ஜன்னலோரம் வந்த வெளிச்சத்தில் பெருநாள் உடுப்புகளை முடித்துத் தந்தது அந்தக் கால் மெஷின். போதாததற்கு வாப்பாவின் ஞாபகம் வேறு.

மூன்று நாள் யோசித்தேன். மின்வெட்டு வந்தால் எனக்கு வேண்டியது மின்சாரம் இல்லாமல் ஓடும் ஒரு மெஷின், இரண்டல்ல. உம்மாவின் கை மெஷினைத் திருத்திவிட்டால் அந்தத் தேவை தீர்ந்துவிடும். ஏறத்தாழ 12 கிலோ பாரம்தான். கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்து மேசைமேல் வைக்கலாம். ஓரம் அடிப்பதற்கு நானாவின் மெஷினில் சிக்சாக் இருக்கிறது. வருடத்தில் இரண்டு முறை தொடும் ஓவர்லொக்குக்கு 16 சதுர அடி கொடுக்கத் தேவையில்லை.

ஓவர்லொக்கை ஓடர் எடுத்துத் தைக்கும் ஒருவருக்கு விற்றேன். அந்தக் காசில் கை மெஷினைத் திருத்தி, மகளுக்கு மேசையும் கதிரையும் வாங்கினேன். கால் மெஷின் நாலாவது வீட்டுக்குப் போனது.

அவள் சும்மா வாங்க மறுத்துவிட்டாள். "சும்மா வேணாம் தாத்தா. உங்கட பிள்ளையள்ற சீருடையெல்லாம் இந்த வருஷம் நான் தைச்சுத் தாறன்" என்றாள். சரி என்றேன். உழைத்து வாங்கினேன் என்று அவள் சொல்லிக்கொள்ளும் உரிமையைப் பறிக்க எனக்கு என்ன உரிமை?

நீங்கள் செய்யக்கூடியவை

எல்லாச் சாமானையும் அள்ளிக் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தையல் தெரிந்த வீட்டில் சாமான்கள் வேண்டும்தான். வைத்திருப்பது உதவுகிறதா என்று பார்ப்பதே முக்கியம். நான் செய்து பார்த்தவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. ஒரே நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.
பாதியை இன்றும் பாதியை நாளையும் எடுத்தால் உண்மை தெரியாது. பாய் விரித்து லாச்சியிலுள்ளவை, பிஸ்கட் பேணியிலுள்ளவை, பழைய கைப்பைக்குள் இருப்பவை எல்லாவற்றையும் கொட்டுங்கள். என்னிடம் ஒரே நீல நிறத்தில் ஒன்பது நூற்கட்டைகள் இருந்தன. வீட்டில் இருப்பது தெரியாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கியிருக்கிறேன்.

2. நான்கு குவியலாகப் பிரியுங்கள்.
வாரந்தோறும் எடுப்பவை ஒன்று. பெருநாளுக்கும் பாடசாலை தொடங்கும் காலத்துக்கும் எடுப்பவை ஒன்று. திருத்த வேண்டியவை ஒன்று. இரண்டு வருடமாகத் தொடாதவை ஒன்று. திருத்த வேண்டியவற்றுக்கு ஒரு திகதி குறித்து அதற்குள் திருத்துங்கள். தவறினால் நாலாவது குவியலில் சேருங்கள்.

3. சோதித்துப் பார்த்து வையுங்கள்.
நூலை ஓர் அடி இழுத்து இரு கைகளாலும் சுண்டுங்கள். பஞ்சுபோல அறுந்தால் அதை மெஷினில் போடாதீர்கள்; தைத்த உடுப்பும் பிரிந்துவிடும். இலாஸ்டிக்கை இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்ப வேண்டும். நம் நாட்டு வெக்கையில் இலாஸ்டிக் பல வருடம் தாங்காது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் ஊசிகள் துருப்பிடிக்கும். துருப்பட்ட ஊசி துணியில் கறையும் வைக்கும், நூலையும் அறுக்கும். பொபின்கள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் மெஷினுக்கு மெஷின் உயரமும் வளைவும் மாறும். உங்கள் மெஷினுக்குப் பொருந்தாத பொபினை வைத்திருப்பதில் பயனில்லை.

4. துணிக்கு ஒரு துண்டுக் கடதாசி.
வெட்டாத ஒவ்வொரு துணியிலும் எத்தனை யார், எத்தனை அங்குல அகலம், யாருக்கு, என்ன தைக்க என்று எழுதிக் குத்திவையுங்கள். "யாருக்கு" என்ற இடத்தில் ஒன்றும் எழுத முடியாவிட்டால் அந்தத் துணி உங்களுடையதல்ல. அதற்கு உரியவர் வேறெங்கோ இருக்கிறார். என் அலுமாரியில் 62 யார் துணி இருந்தது. பெயர் எழுத முடிந்தது 23 யாருக்குத்தான். வைப்பதைப் பொலித்தீனுக்குள் இறுக்கிக் கட்டாதீர்கள். ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியால் சுற்றுங்கள்.

5. தரையை விட்டுச் சுவருக்குப் போங்கள்.
ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்துச் சுவரில் மாட்டினால் நூற்கட்டைகள் கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஒரே நிறத்தைத் திரும்ப வாங்கவும் மாட்டீர்கள். கத்தரிக்கோலுக்கும் அளவு நாடாவுக்கும் அதிலேயே கொளுக்கி. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். வெட்டும் மேசைக்குப் பதிலாக நடுவில் பிணைச்சல் வைத்த ஒரு பிளைவுட் பலகை போதும். வேலை நேரத்தில் கட்டில்மேல் விரித்து, முடிந்ததும் மடித்து அலுமாரிக்குப் பின்னால் நிறுத்திவிடலாம். என் பதினெட்டுச் சதுர அடி அப்படித்தான் மீண்டது.

6. வைத்திருக்கும் மெஷினை ஓடவிடுங்கள்.
மூடி வைத்த மெஷின் பத்திரமாக இருக்கிறது என்று எண்ணுவது தவறு. பழைய எண்ணெய் பிசினாகி உள்ளே இறுகிவிடும். உம்மாவின் மெஷினுக்கு நேர்ந்தது அதுதான். மண்ணெண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவைத்து, சக்கரத்தை மெதுவாக அசைத்து அசைத்துத்தான் மெஷின் திருத்துபவர் விடுவித்தார். உள்ளேயிருந்து பஞ்சும் தூசும் ஒரு கைப்பிடி வந்தது. பிறகு மெஷின் எண்ணெய் விட வேண்டும். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது பிசுபிசுத்து மெஷினை இறுக்கிவிடும். மாதம் ஒருமுறையாவது ஒரு துண்டுத் துணியில் நாலு வரி தைத்து, அந்தத் துணியைப் பாதத்துக்குக் கீழேயே விட்டு மூடிவையுங்கள்.

7. கொடுப்பதை முழுமையாகக் கொடுங்கள்.
மெஷின் கொடுத்தால் அதற்குரிய பொபின்கள், ஊசிப் பெட்டி, வார்ப்பட்டி, எண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றோடும் கொடுங்கள். பழுதைத் திருத்திக் கொடுங்கள். திருத்தக் காசில்லாதவரிடம் பழுதான மெஷினைக் கொடுத்தால் உங்கள் மூலையில் கிடந்தது அவர் மூலைக்குப் போகும், வேறு மாற்றமில்லை. தைக்கத் தெரியாதவருக்கு மெஷினைவிட மூன்று மாதப் பயிற்சி பெரிய உதவி. அதையும் உங்களால் கொடுக்க முடியும் சகோதரி! உங்கள் விறாந்தையில் வாரம் இரண்டு நாள் ஒரு பிள்ளைக்கு வெட்டவும் தைக்கவும் சொல்லிக் கொடுத்தால், சும்மா இருக்கும் மெஷினும் ஓடும்.

இப்போது ஜன்னலுக்குக் கீழே மகளின் மேசை இருக்கிறது. சிறியதுதான். அதன்மேல் துணியோ நூலோ வைக்கக்கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் சட்டம், முதலில் எனக்கு. இரவில் அவள் படிக்கும்போது நாலாவது வீட்டிலிருந்து கால் மெஷினின் சத்தம் கேட்கும். அவள் இப்போது யார் வாசலிலும் வந்து நிற்பதில்லை. தன் பிள்ளைகள் உறங்கும் அறையிலேயே இருந்து தைக்கிறாள்.

கை மெஷினில் நேற்று ஒரு தலையணை உறை தைத்தேன். கைப்பிடி தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. உம்மாவின் கை பட்டுத் தேய்ந்த இடம். இத்தனை வருடம் கட்டிலுக்குக் கீழே மூடிக்கிடந்தபோது அந்தத் தேய்வை நான் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

அளவு நாடா உங்கள் வீட்டிலும் இருக்குமே. ஒருமுறை வீட்டையும் அளந்து பாருங்கள் சகோதரிகளே.